எட்டு எனக்கு

திருப்பூர்,
12-3-1969.

அன்புள்ள கமலாம்பாள் அக்காவுக்குத் தம்பி தண்டாயுதபாணி எழுதிக்கொண்டது.

நான் நலம். அப்பா நலம். நீ பம்பாய் போய்ச் சேர்ந்த கடிதம் அப்போதே கிடைத்தது. பதில் எழுத ஒரு மாதம் ஆனதற்குக் காரணம் சோம்பல் இல்லை, வேலை. என்ன வேலை என்று கீழே எழுதியிருக்கிறேன். நீயும் சந்தோஷப்படுவாய்.

முதலில் அப்பாவைப் பற்றி. தைப்பூசத்துக்கு வந்து பன்னிரண்டு நாள் நீ இங்கே இருந்தாய். உன்னிடம் அவர் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. "அவளுக்குக் காப்பித்தண்ணி வேணுமான்னு கேளு", "அவ துண்டு கொடியில கெடக்குது, எடுத்துக்கச் சொல்லு" என்று நடுவில் என்னைத் தபால்காரனாக வைத்திருந்தார். நிச்சயத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது நீ மெட்ராஸுக்கு ரயிலேறி வருஷம் பதினொன்று ஆகிறது. மனுஷனுக்கு இன்னும் ஆறவில்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் நீ விட்டுப்போன பம்பாய்ப் பத்திரிகையை அரிசி டின்னுக்கு மேல் பத்திரமாக வைத்திருக்கிறார். போன வாரம் அதை என்னிடம் நீட்டி, "என்னன்னு போட்டிருக்கறான்?" என்றார். இங்கிலீஷில் இருந்ததைப் படித்துத் தமிழில் சொன்னேன். மெட்ராஸில் ஐந்து வருஷம் சலங்கை கட்டிக் கற்றதை ஒரே நாளில் கழற்றி வைத்தவள், ஜெர்மனியில் இரண்டு வருஷம் இருந்து வந்தவள், நகையும் சவுரியும் சாமி கதையும் இல்லாமல் வேலை செய்கிற உடம்பை மேடையில் கொண்டுவந்து நிறுத்திய முதல் ஆள், இன்றைக்குப் பம்பாயில் ஆட வருகிற பெண்கள் பாதிப் பேர் இவளைப் பார்த்து வந்தவர்கள் என்றெல்லாம் எழுதியிருந்தான். அப்பா கேட்டுவிட்டு, "சலங்க இல்லாம என்ன ஆட்டம்" என்று துண்டை உதறிக்கொண்டு வெளியே போய்விட்டார். அரை மணி கழித்து வந்து, "சிவன்மலையில காவடி எடுத்தப்பவும் அவ சலங்க கட்டுலயே" என்றார்.

அந்தக் காவடி எனக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம். எனக்கு எட்டு வயது. அப்பா காலில் முள் ஏறிச் சீழ் வைத்து அவர் அடிவாரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். நீ அவர் தோளிலிருந்து காவடியை வாங்கிக்கொண்டு மேலே போய்விட்டாய். பதினாலு வயசுப் பெண் காவடி ஆடினாள் என்று சொந்தக்காரர்கள் மூன்று மாதம் நம் வீட்டில் கை நனைக்கவில்லையாம். எதிர்வீட்டுப் பெரியாத்தாள் அக்கா இப்போதும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறது.

இனி என் விஷயம்.

எனக்குச் சோறு கொண்டுவருகிற சாக்கில் நீ பனியன் கம்பெனிக்கு வந்து, துணி அழுத்துகிற காலண்டர் மெஷின் பக்கத்திலேயே மூன்று நாள் நின்றாய் அல்லவா? அங்கிருந்து தொடங்குகிறேன். உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் வரிசையாக எழுதினால்தான் எனக்கு எழுத வரும். வெளுத்துக் காய்ந்த பனியன் துணி குழாய் மாதிரி வருகிறது. ஆவிச் சூட்டில் சுழலும் இரண்டு உருளைகளுக்கு நடுவே அது போய் அழுந்தி வெளியே வரவேண்டும். உருளை வாய்க்கு முன்னால் ஆளுக்கொரு பக்கம் இரண்டு பெண்கள் நின்று துணியை விரித்து, உள்ளங்கையால் சுருக்கம் நீவி உள்ளே விடுகிறார்கள். மருதம்மாளும் பெரியாத்தாள் அக்காவும் அந்த வேலையில் நான்கு வருஷமாக இருக்கிறார்கள். "தோள்பட்ட ரெண்டும் களண்டு வெளிய வந்துருமாட்ட இருக்குதுங்க" என்று மருதம்மாள் உன்னிடம் சொன்னதும், நீ அவள் பின்னால் நின்று அவள் கையைப் பார்த்து உன் கையை ஆட்டிக்கொண்டிருந்ததும், முதலாளி ரத்தினசாமி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "தண்டபாணி, உங்கக்காளுக்கு ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்டதும் எனக்கு மறக்கவில்லை.

நாலாம் நாள் நீ அவர்களுக்கு ஓர் எண்ணிக்கை கட்டிக் கொடுத்தாய். ஒன்றில் துணியை எடு, இரண்டில் உதறு, மூன்றில் விரி, நான்கில் வை, ஐந்தில் இடது கை நீவு, ஆறில் வலது கை நீவு. ஏழிலும் எட்டிலும் இரண்டு கையையும் எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு நில், எதிரே நிற்பவள் முகத்தைப் பார், மூச்சு விடு. துணி அதுபாட்டுக்கு உள்ளே போகட்டும். அன்றைக்கே அவர்கள் அதைப் பாட்டாக்கிவிட்டார்கள். "ஏழு இடுப்புக்கு, எட்டு எனக்கு" என்று மருதம்மாள் இழுத்துச் சொன்னால் செக்கிங் பெண்கள் வரைக்கும் சிரிப்பு.

நான் நம்பவில்லை. ஆட்டக்காரிக்கும் காலண்டருக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் இருந்தேன். ஆனால் நீ போன பத்து நாளில் சுருக்கம் விழுந்து கழிகிற துணி பாதியாகக் குறைந்துவிட்டது. இரண்டு பேரும் ஒரே தாளத்தில் விடுவதால் துணி கோணுவதில்லை. நான் தப்பை ஒப்புக்கொள்கிறவன். உன் தாளம் வேலை செய்கிறது.

அப்புறம்தான் ஸ்டாப் வாட்சை எடுத்தேன். எட்டில் இரண்டு எண்ணிக்கை, அதாவது கால் பங்கு நேரம், நான்கு கைகளும் சும்மா இருக்கின்றன. டிப்ளமாவில் மூன்று வருஷம் இதைத்தான் படித்தேன்: சும்மா இருக்கிற நேரத்தைக் கண்டுபிடி, எடுத்துப் போடு. ஏழையும் எட்டையும் எடுத்துவிட்டேன். உருளையின் வேகம் அதற்கு ஒத்துவர வேண்டுமே, அதனால் மோட்டாரில் பெல்ட் ஓடுகிற நாலரை அங்குலப் புல்லிச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, வேகம் கூட ஆறு அங்குலப் புல்லி மாட்டினேன். கணக்குச் சரியாக உட்கார்ந்தது. முன்பு நான்கு கட்டுத் துணி போன நேரத்தில் இப்போது ஐந்தேகால் போகிறது. ஆறு எண்ணிக்கைக்கும் படம் போட்டு, கீழே கையெழுத்துப் போட்டு மெஷினுக்கு மேலே மாட்டியிருக்கிறேன். முதலாளி வந்து பார்த்து என் முதுகில் தட்டினார்.

பெண்களுக்கு முணுமுணுப்பு இருக்கத்தான் செய்யும். "எட்டு எனக்குன்னு ஒண்ணு இருந்துச்சுங் தம்பி, அதையும் புடுங்கிக்கிட்டீங்களே" என்றாள் மருதம்மாள். உன் எட்டைச் சாயங்காலம் சங்கு ஊதின பிறகு வைத்துக்கொள் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள்.

ஆக, நீ கட்டிய எட்டை நான் ஆறாக்கிவிட்டேன். உனக்கு ஆட்டம் தெரியும், எனக்கு மெஷின் தெரியும். இரண்டும் சேர்ந்தால் இப்படித்தான். உன் பத்திரிகைக்காரனிடம் இதையும் எழுதச் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள். சாப்பாட்டை வேளைக்குச் சாப்பிடு.

உன் தம்பி,
கு. தண்டாயுதபாணி.


திருப்பூர்,
5-6-1969.

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு எல்லோரும் நலம். உன் கார்டு வந்தது. இது மூன்றாவது. மூன்றிலும் ஒரே விஷயம். "அந்த இரண்டையும் திருப்பிப் போடு. அவை சும்மா இருக்கிற நேரம் இல்லை." காரணம் ஒன்றும் எழுதுவதில்லை. நீ குரு, நான் சிஷ்யன் என்று வைத்துக்கொண்டாயா? எனக்குக் காரணம் வேண்டும் அக்கா. காரணம் இல்லாமல் ஒரு திருகாணியைக் கூட நான் தளர்த்த மாட்டேன்.

கோயமுத்தூரில் உன் ஆட்டம் நடந்த அன்றே உன்னிடம் நேராகப் பேசியிருக்கலாம். கூட்டம் உன்னைச் சுற்றிக்கொண்டது. அன்று நான் பார்த்ததை எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

கம்பெனியிலிருந்து ஆறு பெண்களை பஸ்ஸில் கூட்டி வந்தேன். நான் கூட்டி வந்தேன் என்பது பொய், அவர்களே முடிவு செய்து என்னை டிக்கெட் எடுக்க வைத்தார்கள். "அக்கா ஆடறதப் பாக்காம என்னங் தம்பி, நாங்க சொல்லிக் குடுத்த ஆட்டமாச்சே" என்று, நோட்டீஸில் "உருளை" என்ற பேரைக் கேட்டதிலிருந்து பெரியாத்தாள் அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஹாலுக்குள் வந்ததும், காலை நாற்காலிக்கு மேலே தூக்கி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டது. மானத்தை வாங்காதே என்றேன்.

முதல் இரண்டு ஆட்டங்கள் எனக்குப் புரியவில்லை. ஒருத்தி தரையில் படுத்துக்கொண்டு கால்மணி நேரம் எழுந்திருக்க முயற்சி செய்கிறாள். எழுந்து நின்றதும் விளக்கை அணைத்துவிடுகிறார்கள். எனக்குப் பின்னால் இருந்தவர், "ஏனப்பா, எந்திரிச்சப்புறம் ஆடுவாளாட்ட இருக்குதுன்னு பாத்தா முடிஞ்சே போச்சு" என்றார். நானும் அதையேதான் நினைத்தேன்.

மூன்றாவது "உருளை". பனியன் துணியையே உடுத்திக்கொண்டு நீயும் மூன்று பெண்களும் வந்து நின்றீர்கள். மிருதங்கம் இல்லை, பாட்டு இல்லை, ஓரத்தில் ஒருவர் மரக்கட்டையைத் தட்டிக்கொண்டிருந்தார். எடு, உதறு, விரி, வை. மருதம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன். அவள் வலது கை வைக்கிற கோணம் கூட அப்படியே இருந்தது. ஏழு வந்ததும் கட்டைச் சத்தம் நின்றது. நான்கு பேரும் இடுப்பில் கை வைத்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். ஹாலே கம்மென்று ஆகிவிட்டது. பின்னால் இருந்தவர், "மறந்துட்டாங்களாட்ட" என்றார். அந்த அமைதியில் நம் ஆறு பேரும் ஒரே மூச்சில் "எட்டு எனக்கு" என்று சொல்லிவிட்டார்கள். நான் நாற்காலிக்குள் ஒடுங்கிவிட்டேன். நீ மேடையிலிருந்து எங்கள் பக்கம் திரும்பிச் சிரித்தாய். நீ மேடையில் சிரிப்பதில்லை என்று எழுதுகிறவர்கள் அன்று வரவில்லை போலிருக்கிறது.

முடிந்ததும் மேடைக்குப் பின்னால் மருதம்மாள் கையைப் பிடித்து உன்னோடு ஆடின பெண்களிடம், "இந்தக் கைதான் நம்ம ஆட்டம்" என்றாய். அவள் வெட்கப்பட்டுக் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். மணிக்கட்டில் சுற்றியிருந்த கந்தலை நீ பார்த்துவிட்டாய். அது என்ன என்று என்னைக் கேட்டாய். சுளுக்கு என்றேன். சுளுக்குத்தான். பெரியாத்தாள் அக்காவுக்கும் கொஞ்சம் வீக்கம் இருக்கிறது. வெயில் காலத்தில் ஆவி மெஷின் பக்கத்தில் நின்றால் எல்லோருக்கும் ஏதாவது வரும்.

நான் நேராகச் சொல்லிவிடுகிறேன். மேடையில் இரண்டு எண்ணிக்கை நீ சும்மா நின்றால் கை தட்டுகிறார்கள். இங்கே சும்மா நின்றால் பாய்லரில் விறகு எரிகிறது. நீ பார்க்கிற உடம்பு வேறு, நான் பார்க்கிற உடம்பு வேறு. மூன்று மாதமாக ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. என்னை சூப்பர்வைசர் ஆக்கியிருக்கிறார்கள். தீபாவளி ஆர்டருக்கு முன்னால் இன்னொரு காலண்டர் வருகிறது, அதற்கும் ஆறுதான். இனிமேல் மெஷினைப் பற்றி எனக்குக் கார்டு போடாதே. எப்படி ஆடுவது என்று நான் உனக்கு எழுதவில்லை, பார்.

அப்பா வழக்கம்போல ஒன்றும் கேட்கவில்லை. கோயமுத்தூரிலிருந்து திரும்பி வந்து கை கால் கழுவும்போது மட்டும், "கூட்டம் வந்துச்சா?" என்றார். ஹால் நிறைந்திருந்தது என்றேன். "ம்" என்றார். அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

இப்படிக்கு,
தண்டாயுதபாணி.


திருப்பூர்,
20-10-1969.

அக்காவுக்கு,

நலம் விசாரித்து எழுதுகிற நிலையில் நான் இல்லை. அப்பாவுக்கு ஒன்றுமில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பயப்படாதே.

மருதம்மாளின் வலது கை உருளைக்குள் போய்விட்டது. போன செவ்வாய்க்கிழமை, பதினான்காம் தேதி, பகல் பதினொன்றரை மணி. நான் அப்போது ஆபீஸ் ரூமில் புது மெஷினுக்கு அந்த ஆறு எண்ணிக்கைப் படத்தை இரண்டாம் தடவையாக வரைந்துகொண்டிருந்தேன். சத்தம் கேட்டு ஓடினேன். அதற்குள் பெரியாத்தாள் அக்கா ஒரு கட்டையால் பெல்ட்டைத் தள்ளிவிட்டு மெஷினை நிறுத்தியிருந்தது. உருளையைப் பின்னுக்குச் சுற்றிக் கையை எடுத்தவன் நான். அதைப் பற்றி எழுதவில்லை. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் கட்டைவிரலைக் காப்பாற்றியிருக்கிறார்கள். மற்ற நான்கும் இல்லை.

எப்படி நடந்தது என்று உனக்கு எழுதவேண்டும். நீ மூன்று கார்டிலும் எழுதாமல் விட்ட காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். அல்லது உனக்கே வாயால் சொல்லத் தெரியாமல் உடம்பில் மட்டும் தெரிந்திருக்கும்.

துணிக் குழாய்களை ஒன்றோடொன்று நூலால் மூட்டித்தான் மெஷினுக்குள் விடுகிறோம். மூட்டின இடம் வரும்போது அங்கே ஒரு மடிப்பு விழும். எட்டு எண்ணிக்கையாக இருந்தபோது ஏழில் கை வெளியே வந்துவிடும், தலை நிமிரும், கண் எதிரே போகும். அந்த இரண்டு எண்ணிக்கையில் மூட்டு வருவதை அவர்கள் பார்த்துவிடுவார்கள். ஒருத்தி பார்க்காவிட்டால் எதிரே இருப்பவள் பார்த்து, "மூட்டு வருது புள்ள" என்பாள். ஆறாக்கின பிறகு கை உருளை வாயை விட்டு வெளியே வருவதே இல்லை, கண்ணும் துணியை விட்டு எழும்புவதே இல்லை. எதிரே யார் நிற்கிறார்கள் என்று கூடத் தெரியாது. மூட்டு வந்தது, மடிப்பு விழுந்தது, அவள் அதை நீவப் போனாள், வீங்கின மணிக்கட்டு வேகமாகத் திரும்பவில்லை.

நம் மெஷினுக்கு வாய்க்கு முன்னால் தடுப்புக் கம்பி கிடையாது. அதற்குப் பதிலாக நீ ஏழையும் எட்டையும் வைத்திருந்தாய். மெஷின் படித்தவன் நான். தடுப்பைக் கழற்றி வீசினவனும் நான்.

இனி எழுதப்போவது அதைவிட மோசம்.

அன்று சாயங்காலம் முதலாளி என்னைக் கூப்பிட்டு, "பழைய புல்லிய மாட்டீரு" என்றார். மாட்டினேன். ஏன் என்று கேட்கவில்லை. காரணம் இல்லாமல் திருகாணி தளர்த்த மாட்டேன் என்று உனக்கு எழுதினவன் நான். ஆறு அங்குலப் புல்லி மறுநாளே பழைய இரும்போடு லாரியில் போய்விட்டது. சுவரில் இருந்த என் படத்தையும் புதிதாக வரைந்ததையும் அவரே கிழித்துப் பாய்லரில் போட்டார். மூன்றாம் நாள் ஒரு தாளை என் முன்னால் வைத்தார். பாக்டரி இன்ஸ்பெக்டர் வருகிற மூன்றாம் தேதி திங்கட்கிழமை விசாரணைக்கு வருகிறார், அவரிடம் கொடுக்க வேண்டிய தாள். கம்பெனிக்கு வந்துபோன நடனக்காரி ஒருத்தி வேலைக்காரப் பெண்களுக்கு ஆட்டம் பழக்கிவிட்டாள், மெஷின் முன்னால் அந்த ஆட்டம் ஆடியதில் மருதம்மாள் தன் அஜாக்கிரதையால் கையை விட்டுக்கொண்டாள், சூப்பர்வைசர் பலமுறை கண்டித்தும் கேட்கவில்லை. இவ்வளவுதான். கீழே என் பெயர் டைப் அடித்திருந்தது.

அவர் மிரட்டவில்லை அக்கா. மிரட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "உங்கக்கா பம்பாயில இருக்கறா, இங்கத்த பேச்சு ஒண்ணும் அவமேல ஒட்டாது. ஆட்டக்காரின்னு பேர் எடுத்தவளுக்கு இன்னும் ஒரு பேரு, அவ்வளவுதான? அந்தப் புள்ளைக்கு வைத்தியம் நான் பாத்துக்கறேன். நீ படிச்சவன், உன் சோலி கெடக்கூடாது பாரு" என்று டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டே சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அன்றே மாட்டேன் என்று சொல்லவில்லை. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டார். அப்புறம், "நிச்சயத்த விட்டுட்டு ஆடப் போனதுக்கு அவகிட்டப் பதினோரு வருசம் பேசாம இருந்தேன். நீ பண்ணுனதுக்கு எத்தன வருசம் இருக்கோணும்? கணக்குப் படிச்சவன் நீயே சொல்லு" என்றார். அன்றிலிருந்து எதிர்வீட்டுக்குப் போய், "அவனச் சாப்பிடச் சொல்லுங்க" என்று பெரியாத்தாள் அக்காவிடம் சொல்லி அனுப்புகிறார். இப்போது தபால்காரர் அது.

சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். மருதம்மாள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்துப் போனேன். திட்டவில்லை. "சாப்ட்டீங்களா தம்பி?" என்றாள். அவள் பெண்கள் இரண்டு பேரும் பெரியாத்தாள் அக்கா வீட்டில் நன்றாக இருக்கிறார்கள் என்றேன். நீ ஆடுகிற படம் ஆடி மாசத்தில் ஒரு பத்திரிகையில் வந்ததே, அதைச் சின்னவள் கத்தரித்துச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறாள், பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். "அக்கா அந்த உருள ஆட்டத்த இன்னும் ஆடறாங்களா?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். "நிறுத்தச் சொல்லீராதீங்க. அங்கயாச்சும் ரெண்டு கையும் இருக்குதில்லீங்க" என்றாள். கட்டுப் போட்ட கையை அவள் போர்வைக்கு மேலேயே வைத்திருந்தாள், மறைக்கவில்லை. நான்தான் ஜன்னலைப் பார்த்தேன்.

வெளியே வந்தபோது முடிவு செய்துவிட்டேன். தாளில் கையெழுத்துப் போடப்போவதில்லை. இன்ஸ்பெக்டரிடம் உள்ளதைச் சொல்லப்போகிறேன். ஆனால் அது போதாது. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நான் சொன்னால், அக்காள் பெயரைக் காப்பாற்றத் தம்பி கதை கட்டுகிறான் என்று முதலாளி சொல்லுவார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லுவேன். பெண்கள் சொன்னால், சேர்ந்து ஆடினவர்கள் வேறு என்ன சொல்லுவார்கள் என்பார். புல்லி இல்லை, படம் இல்லை, மெஷின் இன்று எட்டுக்குத்தான் ஓடுகிறது. அஜாக்கிரதை என்று எழுதிவிட்டால் மருதம்மாளுக்குச் சட்டப்படி சேரவேண்டியது ஒன்றும் சேராது. கட்டைவிரலை வைத்துக்கொண்டு அவள் என்ன வேலைக்குப் போவாள்?

நான் செய்தது நான் செய்ததுதான் என்பதற்கு உலகத்தில் ஒரே ஒரு அத்தாட்சி இருக்கிறது. அது பம்பாயில் உன்னிடம் இருக்கிறது. மார்ச் பன்னிரண்டாம் தேதி நான் உனக்கு எழுதின கடிதம். நீ கட்டிய எட்டு இன்னது, நான் வெட்டிய இரண்டு இன்னது, எந்தப் புல்லியைக் கழற்றி எந்தப் புல்லி மாட்டினேன், முதலாளி வந்து பார்த்து முதுகில் தட்டினார் என்று எல்லாம் அங்குலக் கணக்கோடு எழுதியிருக்கிறேன். பெருமைக்காக எழுதினது, ஒன்றும் விட்டிருக்க மாட்டேன். ஜூன் மாதம் எழுதினதையும் சேர்த்து அனுப்பு, வீக்கத்தைச் சுளுக்கு என்று நான் சொன்னது அதில் இருக்கிறது. தபால் முத்திரை உறையில்தான் இருக்கும், ஆகையால் உறையோடு அனுப்பு. ரிஜிஸ்தர் தபாலில், கம்பெனிக்கு வேண்டாம், அப்பா பெயருக்கு. மூன்றாம் தேதிக்குள் வந்து சேரவேண்டும்.

எனக்கு என்ன ஆகும் என்று நீ யோசிப்பாய். வேலை போகும். என் பேரில் கேஸ் வந்தாலும் வரலாம். அதற்காக எந்த வரியையும் மை பூசி அனுப்பாதே. மருதம்மாள் எட்டைக் கேட்டபோது நான் சொன்ன பதிலும் அதில் இருக்கிறது. அதையும் இன்ஸ்பெக்டர் படிக்கட்டும்.

ஒரே ஒரு பயம்தான். அந்தக் கடிதத்தைப் படித்த அன்றைக்கே உனக்குக் கோபம் வந்திருக்கும். நீ கிழித்துப் போட்டிருக்கலாம். நான் உன் இடத்தில் இருந்தால் கிழித்திருப்பேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை சிவன்மலைக்கு நடந்து போனேன். நான் படியேறி நான்கு வருஷம் ஆகிறது, சாமியிடம் எப்படிக் கேட்பது என்றே மறந்துவிட்டது. அக்கா எதையும் தூக்கிப் போடாதவளாக இருக்கவேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டேன். இறங்கும்போது நீ காவடியை வாங்கிக்கொண்ட இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இருக்கிறது என்று ஒரு தந்தி கொடு அக்கா. ஒரு வார்த்தை போதும்.

உன் தம்பி,
தண்டாயுதபாணி.